மருந்து ஊறிய மண்ணில் காளான் படுக்கை: மாதவரம் பக்கம் செய்து பார்த்தது

சிப்பிக் காளான் வளர்க்கிற எல்லோருக்கும் உள்ள தொல்லை, அறுவடை முடிந்த படுக்கைகள். இரண்டு மூன்று தடவை பறித்துவிட்டால் விளைச்சல் குறைந்துவிடும். அப்புறம் அந்த வைக்கோல் உருளைகளை மாட்டுக்குப் போடுவார்கள், மண்புழு உரத்துக்குக் கொடுப்பார்கள், இல்லையென்றால் குப்பைமேட்டுக்குத் தள்ளுவார்கள். வட சென்னை மாதவரத்தில் நான் நடத்தும் சின்னக் கொட்டகையிலும் அதே கதைதான். காளான் தருவதை நிறுத்திய பிறகும் அந்தப் படுக்கைக்குள் பூஞ்சை உயிரோடுதான் இருக்கிறது. அது சுரக்கும் நொதிகளும் அப்படியே இருக்கின்றன. பூச்சிமருந்து ஊறிப்போன நிலத்தில் அந்த நொதிகளை இறக்கிப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக எண்ணம். போன கார்த்திகையில் அதற்கு ஒரு நிலம் கிடைத்தது.

வடபெரும்பாக்கம் தாண்டி கொசப்பூர் போகும் வழியில் ஒரு அண்ணன் குத்தகைக்கு எடுத்திருக்கும் துண்டு நிலம் அது. அவருக்கு முன்னால் இருந்தவர்கள் வருஷக்கணக்கில் கத்தரியும் வெண்டையும் போட்டார்கள். கத்தரியில் தண்டையும் காயையும் துளைக்கும் புழு வந்தால் வாரம் தவறாமல் மருந்து அடிப்பதுதான் அங்கே பழக்கம். இவர் கீரைக்கு மாற நினைக்கிறார். அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை. விதைத்து ஒரு மாதத்துக்குள் அறுத்து மாலையே கடைக்குப் போகிற பயிர். மண்ணில் என்ன இருக்கிறதோ அது நேராகக் குழந்தையின் தட்டுக்குப் போய்விடும் என்ற கவலை அவருக்கு உண்மையாகவே இருந்தது. “மம்முட்டி போட்டா ஒரு மண்புழுகூட வர்ல தம்பி. அந்த மண்ணுல நான் எப்டி கீரை போட்டு விக்கிறது?” என்றார். அவர் அப்படிக் கேட்டதால்தான் அந்த நிலத்தில் வேலை பார்க்க எனக்கும் மனசு வந்தது.

முதலில் மண்ணை ஆய்வகத்துக்கு அனுப்பினோம். நிலத்தின் பல இடங்களில் ஒரு சாண் ஆழம் வரை எடுத்து, தார்ப்பாயில் கொட்டிக் கலந்து, நாலு பங்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்குகளைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவுக்குக் கொண்டுவந்தேன். கண்ணாடி பாட்டிலில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, அன்றைக்கே கொடுத்தாயிற்று. வந்த தாளில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஒன்று குளோர்பைரிபாஸ் என்ற பூச்சிமருந்து. இன்னொன்று டிடிஇ. இந்தியாவில் விவசாயத்துக்கு டிடிடி 1989இலேயே தடை செய்யப்பட்டுவிட்டது. அது சிதைந்து மிச்சமாகும் டிடிஇ இன்னும் மண்ணைவிட்டுப் போகாமல் உட்கார்ந்திருக்கிறது. இந்த இரண்டும் ஒரே தாளில் வந்தது ஒருவகையில் நல்லதாயிற்று. ஒன்று உடைக்கக்கூடிய மருந்து, மற்றது பிடிவாதக்காரன். பூஞ்சை எதுவரை போகும் என்பதை ஒரே மண்ணில் பார்த்துவிடலாம்.

பூஞ்சை மருந்தைச் சாப்பிட்டு வாழ்வதாகப் பலர் நினைக்கிறார்கள். இந்த வேலையில் இறங்குகிறவர்கள் முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டிய விஷயம் இதுதான். சிப்பிக் காளானுக்குச் சாப்பாடு வைக்கோல். வைக்கோலிலும் மரத்திலும் லிக்னின் என்ற கடினமான பொருள் செல்லுலோஸ் என்ற நார்ச்சத்தைச் சுற்றி வேலி போட்டதுபோல நிற்கும். அந்த வேலியை உடைக்கத்தான் பூஞ்சை லாக்கேஸ், மாங்கனீஸ் பெராக்சிடேஸ் என்ற நொதிகளைத் தன் உடம்புக்கு வெளியே சுரக்கிறது. லிக்னினுக்கு ஒழுங்கான ஒரே அமைப்பு கிடையாது. அதனால் அதை உடைக்கும் நொதியும் ஆள் பார்த்து வேலை செய்வதில்லை, பக்கத்தில் வளையம் வளையமாக எந்த மூலக்கூறு கிடந்தாலும் அதிலிருந்து எலக்ட்ரானைப் பறிக்கும். மருந்து உடைவது அந்த வழியில் நடக்கும் உபரி வேலை. வைக்கோல் தீர்ந்தால் உபரி வேலையும் நின்றுவிடும். மண்ணில் பூஞ்சையை விட்டுவிட்டு நாம் வீட்டுக்குப் போய்விட முடியாது, அதற்குத் தொடர்ந்து சோறு போட வேண்டும்.

லாக்கேஸ் புதிதாகக் கண்டதல்ல. ஜப்பானின் அரக்கு மரப்பாலில் யோஷிதா 1883இலேயே அதைக் கவனித்துவிட்டார். மரத்தை வெளுக்க வைத்து அழிக்கும் பூஞ்சை டிடிடி, லிண்டேன் போன்ற பூச்சிமருந்துகளையும் ஆக்சிஜனேற்றம் செய்கிறது என்று அமெரிக்காவில் பம்பஸ், ஆஸ்ட் குழுவினர் 1985இல் சயின்ஸ் இதழில் எழுதிய பிறகுதான் மண் சுத்தத்துக்கும் இதற்கும் தொடர்பு பிறந்தது. அவர்கள் பயன்படுத்தியது பேனரோகீட் கிரைசோஸ்போரியம். 40 டிகிரியை ஒட்டிய சூட்டில் செழிக்கும் பூஞ்சை அது, சென்னை வெயிலுக்குப் பொருத்தம்தான். ஆனால் கொதிக்க வைக்காத வெறும் மண்ணில் மற்ற நுண்ணுயிர்களோடு மல்லுக்கட்டி நிற்பதில் அது தேறாது. அதன் விதையும் கடையில் கிடைக்காது. சிப்பிக் காளான் அந்த விஷயத்தில் கொஞ்சம் முரட்டுத்தனமானது, மண்ணுக்குள்ளும் இழை விட்டு ஓடும். நம் கையில் இருப்பதும் அதுதான்.

அடுத்த வேலை, எந்தப் படுக்கையில் நொதி நிறைய இருக்கிறது என்று பார்ப்பது. பாரிமுனைப் பக்கத்து ரசாயனக் கடையில் குவாயக்கால் வாங்கினேன். புகை வாசம் அடிக்கும் திரவம். அறுவடை முடிந்த படுக்கையில் ஒரு பிடி எடுத்து, நாலு மடங்கு கேன் தண்ணீரில் ஊறவைத்துக் கசக்கி, பழைய வேட்டித் துணியில் பிழிந்து வடிகட்டினால் வெளிர் தேநீர் நிறத்தில் சாறு வரும். வினிகரில் சமையல் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, பிஎச் தாள் 5 காட்டும்வரை கொண்டுவந்து அதைச் சாறோடு சேர்க்க வேண்டும். பிறகு குவாயக்கால் இரண்டு சொட்டு. நல்ல படுக்கையாக இருந்தால் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேலிருந்து செங்கல் நிறம் இறங்கும். மேலிருந்து இறங்குவதற்குக் காரணம் காற்று. லாக்கேஸ் பறித்த எலக்ட்ரானை ஆக்சிஜனிடம் கொடுத்துத் தண்ணீராக்குகிறது, ஆக்சிஜன் படும் இடத்தில்தான் வேலை நடக்கும். குழாயை ஆட்டிவிட்டால் முழுவதும் சிவந்துவிடும்.

பக்கத்திலேயே இன்னொரு குழாயில் கொதிக்க வைத்து ஆறிய சாறு இருக்க வேண்டும். அது நிறம் மாறாமல் நின்றால்தான் சிவப்புக்குக் காரணம் நொதி என்று சொல்ல முடியும். பெராக்சைடு எதுவும் சேர்க்காமலே சிவப்பதால் இது பெராக்சிடேஸின் வேலை இல்லை, லாக்கேஸ்தான் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தச் சோதனையில்தான் வட சென்னைக்காரர்கள் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று கண்ணில் பட்டது. நிலத்து போர் தண்ணீரில் அதே சாற்றைக் கலந்தால் சிவப்பு இறங்க வெகுநேரம் ஆகிறது. வினிகர் கலவை போட்டு பிஎச்சைச் சரிசெய்தும் அப்படித்தான். கேன் தண்ணீரில் சமையல் உப்பைப் போட்டுப் பார்த்தேன், அங்கேயும் தாமதம். குளோரைடு லாக்கேஸின் தாமிர அணுக்கள் இருக்கும் இடத்தில் போய் உட்கார்ந்து அதை மந்தமாக்கும் என்பது நொதியியலில் தெரிந்த விஷயம். மீஞ்சூர் நிலத்தடி நீரில் கடல்நீர் ஏறிப் பல காலம் ஆகிறது, மணலி, எண்ணூர் சுற்றுவட்டாரத்திலும் உப்புத் தண்ணீர் புதிதல்ல. இந்தப் பக்கத்தில் போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டு காளான் நொதியை வேலை செய் என்றால் செய்யாது. கொட்டகைக் கூரையில் விழுந்த மழைநீரை சின்டெக்ஸ் தொட்டியில் பிடித்து வைத்து, இந்த வேலை முழுவதற்கும் அதையே பயன்படுத்தினேன். ஐப்பசி, கார்த்திகை மழை இருக்கும்போதே தொடங்கியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வைக்கோல் விஷயத்திலும் ஒரு கண் வேண்டும். காளான் பயிற்சி வகுப்புகளில் வைக்கோலை கார்பெண்டாசிமும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரில் ஊறவைக்கச் சொல்லிக்கொடுப்பார்கள். பச்சைப் பூஞ்சை வராமல் இருக்க அது சுலபமான வழி. கார்பெண்டாசிமே ஒரு பூஞ்சைக்கொல்லி. அதில் ஊறிய படுக்கையைக் கொண்டுபோய் மருந்தை எடுக்க வேண்டிய மண்ணில் கலப்பதில் அர்த்தம் இல்லை. வெந்நீரில் பதப்படுத்திய படுக்கைகளை மட்டும் இதற்கு எடுத்தேன். 80 டிகிரிச் சூட்டில் ஒரு மணி நேரம். வைக்கோலும் பொன்னேரிப் பக்கம் மருந்தடிக்காமல் நெல் போடுகிற ஒருவரிடம் வாங்கியது.

தாமிரம் சேர்த்தால் லாக்கேஸ் கூடும், உண்மைதான். மயில்துத்தம் துளி போட்டால் போதும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். தொழிற்சாலைகளுக்கு நடுவே உலோகம் ஏற்கெனவே படிந்து கிடக்கிற மண்ணில் இன்னொரு உலோகத்தை என் கையால் கொட்ட எனக்குச் சம்மதமில்லை.

நேராக நிலத்தில் கொட்டாமல் முதலில் தொட்டிகளில் பார்த்தோம். குளோர்பைரிபாஸ் உடையும்போது டிசிபி என்ற பொருள் வெளியே வரும். மூன்று குளோரின் ஒட்டிய பிரிடின் வளையம் அது. தாய் மருந்தைவிட எளிதாகத் தண்ணீரில் கரையும், மண்ணுக்குள் சுலபமாக இறங்கும், நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. நிலத்தின் மூலையிலேயே கிணறு இருக்கிறது. அதனால் செங்கல் அடுக்கி, உள்ளே தார்ப்பாய் விரித்து, வடியும் நீர் ஓர் ஓரத்தில் டப்பாவில் சேரும்படி தொட்டி கட்டினோம். மணலிப் பக்கம் மலிவாகக் கிடைக்கும் நீல டிரம்களை அறுத்துப் பயன்படுத்தலாமே என்று அண்ணன் கேட்டார். அதில் முன்பு என்ன ரசாயனம் இருந்தது என்று யாருக்கும் தெரியாது, வேண்டாம் என்றேன்.

நாலு தொட்டி. ஒன்றில் வெறும் மண். ஒன்றில் மண்ணோடு புது வைக்கோல். ஒன்றில் கொதிக்க வைத்துக் கொன்ற காளான் படுக்கை. ஒன்றில் உயிருள்ள படுக்கை. கலவை மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு படுக்கை, கன அளவில். படுக்கையைப் பொடியாக்காமல் உள்ளங்கை அளவுத் துண்டுகளாகப் பிய்த்துப் போட்டோம். பொடியாக்கினால் இழை அறுந்து, மண்ணில் இருக்கும் மற்ற பூஞ்சைகளிடம் தோற்றுவிடும். துண்டாக இருந்தால் உள்ளிருந்து வெளியே ஓட அதற்குத் தெம்பு இருக்கும். மேலே நனைத்த சாக்கு. மண்ணைக் கையில் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், நீர் சொட்டக் கூடாது. சேறாகிவிட்டால் காற்று போகாது, காற்று இல்லையென்றால் லாக்கேஸ் சும்மா கிடக்கும்.

கொன்ற படுக்கைத் தொட்டியை ஏன் வைத்தாய் என்று பலரும் கேட்டார்கள். எனக்கு இந்த வேலையிலேயே முக்கியமான தொட்டி அதுதான். மக்கும் பொருள் எது போட்டாலும் அது மருந்தைத் தன்மேல் ஒட்டவைத்துக்கொள்ளும். அப்போது மருந்து செடிக்கும் புழுவுக்கும் எட்டாது, ஆனால் அழிந்தும் போகாது. ஒட்டவைத்த வைக்கோல் மக்கும்போது மறுபடி வெளியே வரலாம். உயிருள்ள படுக்கை, செத்த படுக்கை இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் பூஞ்சையின் உண்மையான உழைப்பு.

உயிருள்ள தொட்டியில் ஒரு வாரத்துக்குள் சாக்கைத் தூக்கினால் படுக்கைத் துண்டுகளின் விளிம்பிலிருந்து வெள்ளை இழைகள் மண்கட்டிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தன. ஒரு கட்டியை எடுத்தால் பக்கத்துக் கட்டியும் தொங்கிக்கொண்டு வரும். பச்சைக் காளான் வாசம். அப்புறம் இங்கொன்றும் அங்கொன்றுமாக ட்ரைகோடெர்மா என்ற பச்சைப் பூஞ்சை தென்பட்டது. கொட்டகைக்குள் அது எதிரி, கண்டதும் பையைத் தூக்கி வெளியே போடுவோம். மண்ணில் அதைத் துரத்தத் தேவையில்லை. சில மருந்துகளை அதுவும் உடைக்கும். பூஞ்சைகள் மட்டுமே இதைச் செய்வதாகவும் நினைக்க வேண்டாம். டயசினான், பாரத்தியான் என்ற பூச்சிமருந்துகளை உடைக்கும் ஃபிளேவோபாக்டீரியத்தை சேதுநாதனும் யோஷிதாவும் (இவர் வேறொரு யோஷிதா) 1973இல் எழுதியபோது அது பிலிப்பைன்ஸ் நெல்வயலில் இருந்து வந்த பாக்டீரியா. பூஞ்சை பெரிய மூலக்கூறைக் கடித்துப் போடும், மிச்சத்தைப் பாக்டீரியா எடுத்துக்கொள்ளும்.

ஆய்வகத்துக்கு அடிக்கடி அனுப்பக் காசு போதாது. இடையில் பார்க்க மண்புழுச் சோதனை வைத்துக்கொண்டேன். ஐஎஸ்ஓ 17512 என்று அதற்கு முறையான தரமே இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் நடுவே அட்டை வைத்து ஒரு பக்கம் நல்ல மண், மறுபக்கம் சோதிக்கும் மண், அதே ஈரத்தில். அட்டையை எடுத்துவிட்டு நடுக்கோட்டில் பத்து மண்புழுக்களை விட்டு, இருட்டில் 48 மணி நேரம். பிறகு அட்டையைச் சொருகி எண்ண வேண்டும். சோதனை மண்ணில் இரண்டுக்கும் குறைவாக இருந்தால் அது புழு வாழும் மண் இல்லை என்று கணக்கு. நல்ல மண்ணுக்கு வரப்போரத்து வேப்பமரத்தடி மண்ணை எடுத்தேன், அதே களி கலந்த வண்டல். ஆனால் உரப்புழுக்களுக்கு மக்கும் வைக்கோல் என்றால் உயிர். சோதனை மண்ணில் மட்டும் வைக்கோல் இருந்தால் விஷம் இருந்தாலும் அங்கே போய்விடும். அதனால் நல்ல மண்ணிலும் அதே அளவு கொன்ற படுக்கையைக் கலந்தேன்.

வெறும் மண்ணில் புழுக்கள் தங்கவே இல்லை. வைக்கோல் தொட்டியிலும் செத்த படுக்கைத் தொட்டியிலும் சில தங்கின. உயிருள்ள தொட்டி தொடக்கத்தில் செத்த தொட்டியைவிட உசத்தியாக இல்லை. மார்கழி போய் தை நடுவில்தான் பிரிவு தெரிந்தது. உயிருள்ள தொட்டி மண்ணில் புழுக்கள் இரண்டு பக்கமும் சரிசமமாக இருந்தன. அண்ணன் பெட்டியைத் தானே வாங்கி, புழுக்களை விரலால் ஒதுக்கி ஒதுக்கி எண்ணினார். ஒருதரம் எண்ணி முடித்து, மறுபடி எண்ணினார்.

மாசியில் செத்த தொட்டி, உயிருள்ள தொட்டி இரண்டின் மண்ணையும் ஆய்வகத்துக்குக் கொடுத்தோம். டிசிபி வழக்கமான பட்டியலில் இருக்காது, தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். இதைக் கேட்காமல் விட்டால் அறிக்கை பாதி பொய். தாய் மருந்து குறைந்தது என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம், குட்டி கிணற்றுக்குப் போய்க்கொண்டிருக்கும். செத்த தொட்டியில் குளோர்பைரிபாஸ் ஓரளவுதான் குறைந்திருந்தது, புழு தங்கினாலும் மருந்து உள்ளேயே ஒட்டிக்கொண்டு இருக்கிறது என்று அர்த்தம். உயிருள்ள தொட்டியில் நன்றாகவே இறங்கியிருந்தது. ஆனால் டிசிபி அங்கே இன்னும் இருக்கிறது. அந்தத் தொட்டியில் புது வைக்கோல் சேர்த்து இரண்டாவது சுற்றை ஓட்டிக்கொண்டிருக்கிறோம். வடிந்த நீரையும் வெளியே விடாமல் திரும்ப அதே தொட்டியில் ஊற்றுகிறோம். டிடிஇ இரண்டிலும் கிட்டத்தட்ட அசையவில்லை. களிமண்ணின் நுண்துளைக்குள் பல பத்தாண்டுகளாகப் புகுந்து கிடக்கும் அதனிடம் இவ்வளவு பெரிய நொதி போய்ச் சேருவதே கடினம்.

மார்கழிப் பனியில் உயிருள்ள தொட்டியில் காளான் பூத்தது. வெள்ளை வெளேரென்று, கொட்டகையில் வருவதைவிட அழகாக. “பறிச்சி கொழம்பு வெச்சிரலாமா?” என்றார் அண்ணி. வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சிப்பிக் காளான் மண்ணிலிருந்து காட்மியம், ஈயம் போன்ற உலோகங்களை உறிஞ்சிச் சேர்த்துக்கொள்ளும். எந்த நொதியாலும் உலோகத்தை உடைக்க முடியாது, அது தனிமம். சாம்பல் பறக்கும் எண்ணூர்க் காற்றுக்குக் கீழே இருக்கும் மண்ணில் முளைத்த காளானை எவ்வளவு நன்றாக இருந்தாலும் தின்னக் கூடாது, விற்கவும் கூடாது. குடை விரியும் முன்பே பறித்து, பையில் கட்டி ஒதுக்கினோம்.

நிலம் முழுக்கச் செய்யலாமா என்றால், கணக்கு ஒத்துவராது. ஒரு சென்ட் நிலத்தில் 15 செ.மீ. ஆழத்துக்கு ஏறக்குறைய 6 கன மீட்டர் மண் இருக்கிறது. மூன்றுக்கு ஒன்று என்றால் இரண்டு கன மீட்டர் படுக்கை வேண்டும். ஏக்கருக்கு 200 கன மீட்டர். என் கொட்டகை வருஷம் முழுக்க உழைத்தாலும் அவ்வளவு வராது. மருந்து அதிகமாகக் கிடக்கும் இடத்தைக் கண்டுபிடித்து அங்கே கொட்டுவதுதான் சரி. எந்தத் தோட்டத்திலும் அந்த இடம் பம்ப்செட் பக்கம்தான். மருந்து கலக்குவதும் ஸ்ப்ரேயர் கழுவுவதும் மூடியில் ஒழுகியது சிந்துவதும் அங்கேதான்.

ஸ்வீடனில் 1993 முதல் இதற்கென்றே குழி வெட்டிவைக்கிறார்கள். பாதி வைக்கோல், கால் பங்கு மேல்மண், கால் பங்கு பீட் என்ற, சதுப்பு நிலத்தில் பாதி மக்கிய தாவரப்பொருள். ஸ்ப்ரேயரை அதன்மேல் நிறுத்தித்தான் மருந்து நிரப்புவார்கள், கழுவுவார்கள். சிந்துவதை வைக்கோலில் வளரும் பூஞ்சை பார்த்துக்கொள்ளும். நமக்கு பீட்டுக்குப் பதில் மக்கிய தென்னைநார்க் கழிவு இருக்கிறது. காயர் போர்டு தரும் பித்பிளஸ் என்பதே சிப்பிக் காளான் இனம்தான், நார்க்கழிவை மக்கவைக்க. ஆக நம் ஊரில் இதற்கான பொருள் எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது.

கத்தரிக்காரர்கள் இன்னும் மருந்து அடிக்கும் பக்கத்து நிலத்தில், பம்ப்செட்டை ஒட்டி அப்படி ஒரு குழியை இந்தப் பங்குனியில் வெட்டுகிறோம். அடியில் தார்ப்பாய், மேலே மழை விழாமல் தகரக் கூரை. அண்ணன் நிலத்தில் டிசிபி அறிக்கை சரியாக வரும்வரை கீரை இல்லை, பசுந்தாள் உரப்பயிரான சணப்பை விதைத்திருக்கிறார். உங்கள் தோட்டத்தில் இதைச் செய்கிறவர்கள் படுக்கையைக் காளான் தீர்ந்த அன்றே வாங்குங்கள், வெயிலில் கிடந்தால் நொதி போய்விடும். ஏற்றும் முன் ஒரு பிடியைக் கசக்கி குவாயக்கால் விட்டுப் பாருங்கள். சிவக்காத படுக்கையை மாட்டுக்குப் போட்டுவிடலாம். கிளறும்போது முகக்கவசமும் கையுறையும் போடுங்கள், காளான் வித்துத்தூள் நுரையீரலுக்கு ஆகாது.